மரு எடுத்த பெண்ணின் அம்மா

1

போன வாரம் என் கணவர் அந்தோணி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, "மூணு டிக்கெட்டா, ரெண்டா?" என்று கேட்டார். மகளுக்கும் அதையே செய்தியாக அனுப்பியிருந்தார். நாங்கள் அயர்லாந்தில் லிமரிக் நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. இங்கே வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுப்பதும் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் போடுவதும் எங்கள் வீட்டில் ஒரு திருநாள் மாதிரி நடக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் டப்ளினில் இருக்கும் மகள் ஜெனிட்டாவின் பதில் அவர் போனுக்கு வந்துவிட்டது. "ரெண்டு போடுங்கப்பா. நான் வரல."

ஊரில் எங்களைப் பார்க்கும் நீங்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளைகள் ஏன் வருவதில்லை? பதிலையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். காசு வந்துவிட்டது, தமிழ் போய்விட்டது, சொந்தபந்தம் கசந்துவிட்டது. என் மகள் ஏன் வருவதில்லை என்பதை இந்தத் தடவை நான் சொல்கிறேன். படிக்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நாசூக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சென்ற ஆண்டு ஜெனிட்டாவுக்கு இருபத்துநான்கு வயது. அவளுடைய பிறப்புறுப்பில் மரு வந்திருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஓர் ஆண்டு பிடித்திருக்கிறது.

2

அவள் அதைக் காரில் வைத்துச் சொன்னாள். இங்கே பிள்ளைகள் பெரிய விஷயங்களைக் காரில்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு அவன்?"

"அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. இப்ப எனக்கு வேண்டியது மருந்து."

இங்குள்ள பொது மருத்துவமனையில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கையில் ஓர் எண் கொடுத்து அதைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்த நர்ஸ் என் வயதுக்காரி. மருக்களைக் குளிர்மருந்து தொட்டு உறையவைத்தாள். இது ஒரு வைரஸ் என்றாள். தோலோடு தோல் உரசி ரொம்பப் பேருக்கு வருவது, உடம்பில் ஏறிப் பல மாதம் கழித்துக்கூட வெளியே தெரியலாம் என்றாள். மரு உண்டாக்கும் வகை வேறு, புற்றுநோய் உண்டாக்கும் வகை பெரும்பாலும் வேறு என்றாள். அப்போது எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவள் கேட்காமலேயே, என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "இவள் நல்ல பெண்" என்று சொன்னேன். நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அதைக் கேட்கவில்லையே" என்றாள்.

திரும்பும்போது ஜெனிட்டா காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வாராவாரம் வந்து உறையவைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சில மருக்கள் உதிர்ந்தன, சில அசையவில்லை. அடுத்த தேதி தள்ளிப்போவதாகக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு கடிதம். அவளுக்கு டப்ளினில் புது வேலை தொடங்க இருந்தது. அதற்கு முன்னால் திண்டுக்கல்லில் என் கணவருடைய அக்கா மகன் கல்யாணம். நான்தான் சொன்னேன்: "ஊருக்குத்தானே போறோம். அங்க ஒரே நாள்ல சுட்டு எடுத்துருவாங்க. இவங்க மாதிரி இழுத்தடிக்க மாட்டாங்க." இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் யோசித்தாள். "சரி. ஆனா அங்க யாரும் என்ன அசிங்கமாப் பாக்கக் கூடாது. பாத்தா நீ என் பக்கம் நிக்கணும். அப்பாவுக்கு லீவு இல்ல. நீ மட்டும்தான் இருப்ப."

"நிக்காம எங்க போகப் போறேன்?" என்றேன்.

3

திண்டுக்கல்லில் பெண்களுக்கான தனியார் மருத்துவமனை ஒன்று. பேர் வேண்டாம். அங்கே டாக்டர் அறை வாசலில் நிற்கிற சிஸ்டர் டோக்கன் எண்ணோடு நோயையும் சேர்த்தே கூப்பிடுவார். "பதினாலு! ஸ்கேன் பொண்ணு!" "பதினஞ்சு! வெள்ளைப்படுறது யாருங்க?" ஒரு பெண் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனார். வரிசையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எனக்கும் அந்த ஊரில் இருந்த காலம் முழுக்கப் படவில்லை. ஜெனிட்டா மட்டும் என் கையை இறுகப் பிடித்தாள்.

"பதினாறு! மரு எடுக்குற பொண்ணு! பொண்ணோட அம்மா யாரு? கூட வாங்க!"

எதிர் பெஞ்சில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற தெரசாள் உட்கார்ந்திருந்தார். "ஏப்பா ஸ்டெல்லா, எப்ப வந்தீக? பாப்பாவுக்கா மரு? எங்கனக்குள்ள?" என்றார். நான் கேட்காதவள்போல உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் பெண்தான். "கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜெனிட்டா, "டாக்டர், எத்தனை இடத்துல சுடணும்? தழும்பு வருமா?" என்று கேட்டாள். டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "பொண்ணு நல்லாக் கேள்வி கேக்குதே. இந்தப் புத்தி முன்னாடியே இருந்திருக்கணும்." சிஸ்டர் சிரித்தார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அயர்லாந்தா? நீங்க என்ன பண்றீங்கம்மா அங்க?" என்றார்.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன், போவதற்கு முன் இதே ஊரில் ஆசிரியையாக இருந்தேன் என்றேன்.

"டீச்சரா? ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வீட்டுப் பிள்ளைய விட்டுட்டீங்க."

ஒப்புதல் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று அடுத்த ரகளை. அப்பா எங்கே என்றார்கள். அயர்லாந்தில் என்றேன். சித்தப்பா, மாமா யாராவது வர முடியுமா என்றார்கள். "எனக்கு இருபத்துநாலு வயசு. நானே போடுறேன்" என்றாள் ஜெனிட்டா. "கல்யாணம் ஆகலேல்லமா?" என்றார் சிஸ்டர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. கடைசியில் நான் போட்டேன். உடம்பு அவளுடையது. அவள் கையெழுத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

டாக்டரின் கைவேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் எடுத்துவிட்டார். எடுத்த இடம் புண்ணாகத்தான் இருக்கும், ஆற இரண்டு மூன்று வாரமாகும் என்றார். காலையும் மாலையும், கழிப்பறை போகும்போதெல்லாமும், டப்பில் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு அதில் உட்கார வேண்டும். ஈரம் ஒற்றி எடுத்துக் களிம்பு போட வேண்டும். தளர்ந்த பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். வேர்வை தங்கக் கூடாது. திண்டுக்கல்லில், மே மாதத்தில், வேர்வை தங்கக் கூடாது!

4

என் பெற்றோர் இப்போது இல்லை. எனக்கு உடன்பிறந்தவர்களும் இல்லை. ஊருக்குப் போனால் நத்தம் சாலையில் என் கணவருடைய அக்கா லூர்து மேரி வீட்டில்தான் தங்குவோம். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கல்யாண வீடு என்பதால் கூடம் நிறைய விருந்தாளிகள். உள்ளே குளியலறை ஒன்றே ஒன்று. கொல்லைப்பக்கம் வாடகைக் குடித்தனத்துக்காகக் கட்டிய இன்னொன்று.

மதினியிடம், "ஜெனிட்டாவுக்கு முதுகுப் பிடிப்பு. வெந்நி வேணும்" என்றேன்.

அவள் டப்பில் உட்கார்ந்த கணமே யாராவது கதவைத் தட்டுவார்கள். "ஏத்தா, உள்ள என்ன முட்டைக்கு அடையா படுத்திருக்க? மாப்ளையே இன்னும் குளிக்கல!" என்று மதினி சத்தம் போடுவார். கூடமே சிரிக்கும். அவள் பாதியில் எழுந்து, சரியாகத் துடைக்காமல் வெளியே வருவாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் பாய் விரித்து உட்காரும்போது அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"எங்க வீட்டுப் பாய்ல உக்காந்தா அயர்லாந்துக்காரிக்கு அழுக்கு ஒட்டிக்கிருமோ?"

"இல்ல அத்தை, நின்னா நல்லாருக்கு."

"நல்லாருக்கும் தாயி, நல்லாருக்கும். குதிரையும் நின்னுக்கிட்டுத்தான் திங்குது. கத்தரிக்கா வெஞ்சனம் வைக்கவா, இல்ல அதையும் எட்ட நின்னு வாங்கிக்கிருவியா?"

நாலைந்து நாளில் புண் ஆறுவதற்குப் பதிலாகக் கசிய ஆரம்பித்தது. துணியில் ரத்தம் பட்டது. "அம்மா, உண்மையச் சொல்லிட்டா எனக்குக் கொஞ்ச நேரம் பாத்ரூம் விடுவாங்கல்ல?" என்று கேட்டாள்.

"கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் முதுகுதான்" என்றேன். அந்த வீட்டில் உண்மைக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

5

மரு விழ உப்பும் மிளகும் கொட்டுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பு கரைகிற மாதிரி மருவும் கரைந்துபோகும் என்று எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களும் நம்புகிறார்கள். எங்கள் பங்கில் அதைக் கொடிமரத்தடியில் கொட்டுவார்கள். கொட்டுவதற்கு முன் பொட்டலத்தை மரு உள்ள இடத்தில் தொட்டு எடுக்க வேண்டும். கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் மதினி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தெரசாள் சொல்லியிருக்கிறார். மதினி அதை அன்பாகத்தான் கொண்டுவந்தார். அது எனக்குத் தெரிகிறது, தெரிவதால் ஒன்றும் குறையவில்லை.

"ஏத்தா ஜெனிட்டா, மரு எடுத்தியாமுல்ல? அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டாக்டரு எடுத்தாலும் வேரு உள்ள இருக்கும். இதத் தொட்டுக் கொட்டுனா சென்மத்துக்கும் வராது. எங்க, காட்டு. கழுத்துலயா?"

துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். "காணமே!" என்றார். தெரசாள் பக்கத்தில் வந்து, "சுட்ட எடம் கருத்துப்போய் இருக்கும், நல்லாப் பாருங்க" என்றார். பூசைக்கு வந்த பெண்கள் இன்னும் சிலர் என்னவோ ஏதோ என்று கூடிவிட்டார்கள்.

"தோள்ல மதினி" என்றேன்.

"எந்தத் தோளு? கைய அம்புட்டு இறுக்கமாத் தச்சிருக்கே, இத எப்பிடித் தூக்குறது?" என்று சட்டைக் கையை மேலே இழுத்தார். ஜெனிட்டா அவர் விரல்களை மெதுவாக விலக்கினாள். குரலை உயர்த்தவில்லை, தணிக்கவும் இல்லை.

"அத்தை, தோள்ல இல்ல. கீழ. யூரின் போற எடத்துக்குப் பக்கத்துல. அது ஒரு வைரஸ், நெறையப் பேருக்கு வரும். உக்காந்தா வலிக்குது, அதான் நிக்கிறேன். பாத்ரூம்ல செத்த நேரம் விட்டீங்கன்னா சரியாப் போயிரும்."

தெரசாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மதினியின் முகம் கறுத்தது.

"அடிப் பாதகத்தி! கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற!"

பொட்டலத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்து இழுத்து மூடினார். "இதுக்கெல்லாம் சாமிகிட்ட உப்புக் கொட்ட ஏலாது" என்றார். கழுத்து, கை, முகம் என்றால் சாமி பார்ப்பார். அதற்குக் கீழே அவருக்கும் அசிங்கம் போலிருக்கிறது.

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். "ஆட்டோ வருதான்னு பாக்குறேன்" என்றேன்.

6

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கல்யாணச் சேலைகள் எங்கள் அறையிலிருந்து வெளியேறின. அடுத்தது ஜெனிட்டாவின் துண்டு. மதினியின் தங்கை மகள் அதைத் துடைப்பத்தின் நுனியால் தூக்கிக்கொண்டு போனாள். குளியலறையில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். டப் கொல்லையில் போய் விழுந்தது.

"துண்டுல ஒட்டுறதுல்ல மதினி. தோலும் தோலும் உரசித்தான் வரும்" என்று அந்த அயர்லாந்து நர்ஸ் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"ஓ, உரசி" என்றார் மதினி. "நல்லா வளத்த, ஸ்டெல்லா. அம்மை போட்டிருந்தாக்கூட வாசல்ல வேப்பிலையச் செருகி வச்சுட்டு நாலு பேருகிட்டச் சொல்லலாம். இதுக்கு என்னத்தச் செருக? செம்பட்டியில இருந்து சம்பந்தி வீட்டுக்காரவுக வாராக. அவள மொகம் காட்டாம கொல்லைப்பக்கம் இருக்கச் சொல்லு. அங்கன உள்ள குளியலறையப் பொழங்கட்டும்."

கொல்லைக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெந்நீர் கொண்டுபோக வேண்டுமானால் சமையல்காரர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று மதியம் அவளுக்குக் காய்ச்சல் தொட்டது. நான் பெட்டியைக் கட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆட்டோவில் அவள் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றபடியே வந்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஏறினோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்மா, திண்டுக்கல்லுன்னு போட்டிருக்கு. உள்ளூர் ஆளுகளுக்கு ரூம் குடுக்க மாட்டோம். முதலாளி உத்தரவு."

"நாங்க வெளிநாட்டுல இருக்கோம்."

"அப்ப அந்தப் பாப்பா கார்டக் காட்டுங்க."

ஜெனிட்டாவின் அயர்லாந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டவுடன் திருப்பி நீட்டிவிட்டார். "ஐயய்யோ, வெளிநாட்டுக்காரவுகன்னா போலீசுக்கு எழுதிக் குடுக்கணும். அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது."

"நான் உள்ளூரு, அதனால வேணாம். இவ வெளிநாடு, அதனாலயும் வேணாம். அப்ப யாருக்குத்தான்யா ரூம் குடுப்பீங்க?"

"கோவப்படாதீக. பைபாஸ் பக்கம் பெரிய ஓட்டலு இருக்கு. அவுகளுக்கு எல்லாம் பழக்கம்."

நான் பிறந்து, படித்து, பாடம் நடத்திய ஊர். அங்கே என் மகளுக்கு ஒரு டப் வெந்நீரும் தாழ்ப்பாள் உள்ள கதவும் பைபாஸ் ஓரத்தில்தான் கிடைத்தன. சொந்தபந்தத்தை நாங்கள் மறந்துவிட்டோம் என்கிறீர்களே, உங்களுக்காகச் சொல்கிறேன்: அறைக்கு வெந்நீர் கொண்டுவந்த பெண் எதற்கு என்று கேட்கவே இல்லை. எங்களுக்கு அவள் பேர்கூடத் தெரியாது.

அதே டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. வேண்டும்போதெல்லாம் அவள் வெந்நீரில் உட்கார்ந்தாள், யாரும் தட்டவில்லை. கசிவு நின்றது. புண்ணின் ஒரு பக்கம் அவளுக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அங்கே நான்தான் களிம்பு போட்டுவிடுவேன்.

7

கல்யாணத்தன்று காலையில் மதினியிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் மேளச் சத்தம்.

"ஏப்பா ஸ்டெல்லா, நடந்தது நடந்துபோச்சு. தம்பி பொண்டாட்டி வரலேன்னா ஊரு நாலு விதமாப் பேசும். நீ மட்டும் வந்து போட்டோவுல நின்னுட்டுப் போயிரு. அவ வேணாம்."

"அவ வரலேன்னா நானும் வரல மதினி."

"என்ன பேச்சு இது? எங்க அம்மா இருந்திருந்தா இப்பிடிப் பேசுவியா?"

"அவுக இருந்திருந்தாலும் இதான் பேச்சு. என் மகளக் கொல்லையில ஒதுக்கி வச்ச வீட்டுக் கல்யாணத்துல எனக்கு என்ன சோலி? நல்லா நடத்துங்க."

வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் மதினியை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. ஜெனிட்டா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் களிம்புக் குழாயை எடுத்து நீட்டினாள். களிம்பு போடும் நேரமாகிவிட்டது. போனை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் குழாயைப் பிதுக்கி விரலில் எடுத்துப் போட்டுவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். இன்னொரு தடவையும் போட்டேன். வெளியே வந்தபோது அவள் எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? நீ வேலை பாக்குற எடத்துல, வயசானவங்களுக்குப் புண்ணு இருந்தா, தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுவியா, பின்னாடி கழுவுவியா?"

"ரெண்டு தடவையும்தான். முன்னாடி கழுவுறதுதான் முக்கியம். நம்ம கையில உள்ள அழுக்கு அவங்க புண்ணுல போயிரக் கூடாதுல்ல."

"எனக்கு நீ பின்னாடி மட்டும்தான் கழுவுற."

நான் மறுபடி குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்தேன். எதற்குக் கழுவ? களிம்பு போட்டாகிவிட்டது.

சாயங்காலம் நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அவள் களிம்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "பரவால்லம்மா. போன்ல கேமரா வச்சு நானே பாத்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான்.

விமானம் ஏறுவதற்கு முன்பே புண் முழுதாக ஆறிவிட்டது என்று சொன்னாள். நான் பார்க்கவில்லை.